வேலூர் மண்ணில் கருவிழி சூசன்: விதையிலிருந்து கொய்மலர் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிக்கு வடக்கே ஐந்து சென்ட் நிலத்தில் இந்தப் பூவைக் கொய்மலராக, அதாவது தண்டோடு வெட்டி விற்பதற்காக, வளர்க்கிறேன். இது நான்காவது பருவம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரிந்துவிட்ட பழைய வேலூர் மாவட்டத்து நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நானே தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட இடங்களில் பதில் நீளும்.

இது என்ன பூ? தமிழில் பெயர் இருக்கிறதா?

சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கசாமந்தி எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். மஞ்சள் இதழ்கள், நடுவில் கரும்பழுப்பு நிறத்தில் மேடாக எழும்பிய ஒரு குமிழ். அந்தக் குமிழைக் கண்விழியாகப் பார்த்துத்தான் ‘பிளாக் ஐட் சூசன்’ என்றார்கள். தமிழில் ஊர்ப்பெயர் கிடையாது. வீட்டில் நாங்கள் கருவிழி சூசன் என்கிறோம். விதைப் பாக்கெட்டில் ‘ருட்பெக்கியா’ என்றிருக்கும். அது லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர். ஸ்வீடனில் தனக்குக் கற்பித்த ருட்பெக்கையும் அவருடைய தந்தையையும் நினைத்து வைத்தார். ருட்பெக்கியா ஹிர்ட்டா என்பது முழுப்பெயர். ‘ஹிர்ட்டா’ என்றால் மயிர் அடர்ந்தது. தண்டைத் தடவிப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் உடனே புரியும்.

சொந்த ஊர் வட அமெரிக்கப் புல்வெளிகள். மேரிலாந்து மாநிலம் 1918-ல் இதைத் தன் மாநில மலராக அறிவித்தது.

நர்சரியில் அதே பெயரில் ஒரு கொடி விற்கிறார்களே?

அது வேறு. ஆரஞ்சு நிறத்தில், நடுவில் கறுப்புக் குழியோடு பூக்கும் அந்தக் கொடி துன்பெர்ஜியா, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பந்தலுக்கும் வேலிக்கும் அழகு. கொய்மலராக வெட்டி விற்க உதவாது. விதை வாங்கும்போதே அடையாளம் தெரிந்துவிடும்: கொடியின் விதை மிளகு போல உருண்டையாக, கையில் எண்ணலாம். நாம் பேசும் செடியின் விதை கறுப்பாக, ஒல்லியாக, இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு முடித்துணுக்கு போல இருக்கும். கையில் வைத்து மூச்சுவிட்டால் பறந்துவிடும்.

நம் வெயிலில் இது வளருமா?

வளரும். வெயில் பிடிக்கும் செடிதான், நாளெல்லாம் நேர்வெயில் வேண்டும். ஆனால் ஏப்ரல், மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது பூ சிறுத்துவிடும், இதழ் ஓரம் சுருங்கும், தண்டு குட்டையாக நின்றுவிடும். அதனால் பூ வெட்டும் காலம் பிப்ரவரியிலிருந்து மார்ச் கடைசிக்குள் முடியும்படி திட்டமிடுகிறேன். உண்மையில் இங்கே இந்தச் செடிக்கு வெயில் பெரிய தொல்லையில்லை. அடுத்த கேள்விதான் முக்கியம்.

விதைத்து ஆறு மாதம் ஆகிறது. கீரைப்பாத்தி மாதிரி இலையாகவே இருக்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. ஏன்?

இந்தக் கேள்வியோடு வந்தவர்கள்தான் அதிகம். முதல் வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. விதை விற்றவர் மூன்றே மாதத்தில் பூக்கும் என்று சொல்லியிருந்தார். அவர் படித்த குறிப்பு எந்த ஊருக்கு எழுதப்பட்டதோ அந்த ஊருக்கு அது சரி. என் பாத்தியில் நவம்பரில் நட்ட செடி மார்ச் வரை தரையோடு தரையாக இலை விரித்துப் படுத்திருந்தது. உரம் குறைவோ என்று இன்னும் உரம் போட்டேன். இலைதான் பெருத்தது. ஏப்ரல் வெயிலில் பாதிச் செடி கருகிப் போனது.

ஆனால் அந்த வருடமும் நான்கு செடிகள் பூத்தன. நான்கும் வேலியோரத்தில், தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலையில் இருந்தவை. பல நாள் பார்த்தபிறகுதான் உறைத்தது.

இது நெடும்பகல் செடி. பகல் நீண்டு இரவு சுருங்கினால்தான் பூக்கத் தொடங்கும். செடி உண்மையில் அளப்பது இரவை. இலையில் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது, அது இருட்டு எவ்வளவு நேரம் தொடர்ந்து நீடித்தது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. மேரிலாந்தில் ஜூன் மாதம் பகல் கிட்டத்தட்ட 15 மணி நேரம். டெல்லியில்கூட ஏறக்குறைய 14 மணி. வேலூர் இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். இங்கே ஆண்டின் மிக நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, டிசம்பரில் பதினொன்றரை மணிக்கும் கொஞ்சம் குறைவு. பூக்கச் சொல்லி இந்தச் செடிக்கு நம் வானம் எப்போதும் சைகை காட்டுவதே இல்லை.

சாமந்தி போட்டவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீளும்போது பூக்கும். பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் இரவில் விளக்குப் போடுவார்கள். கருவிழி சூசன் அதற்கு நேர் எதிர். விளக்குப் போட்டால் பூக்கும்.

விளக்கு எப்படிப் போடுவது? செலவு தாங்குமா?

தாங்கும். ராத்திரி முழுக்க எரிய வேண்டாம். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை, நான்கு மணி நேரம் போதும். நீண்ட இருட்டை நடுவில் உடைத்துவிட்டால், செடி இரண்டு சின்ன இரவுகளாக எடுத்துக்கொள்கிறது.

என் பாத்தி 4 அடி அகலம், 20 அடி நீளம். மூன்று 9 வாட் எல்.இ.டி. பல்புகளைச் செடிக்கு மேலே ஐந்தடி உயரத்தில் கம்பி இழுத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சப் பல்பு நல்லது; அதில் சிவப்புக் கதிர் அதிகம், நிறமிக்குத் தேவையானதும் அதுதான். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். ஒரு வாரம் மறந்தால் உழைப்பெல்லாம் வீண். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று பல்பும் ஒரு இரவுக்கு 108 வாட் மணி. 90 இரவுக்கு 10 யூனிட்டுக்கும் குறைவு.

வயலில் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவச விவசாய இணைப்பு மோட்டாருக்காகக் கொடுத்தது, அதிலிருந்து பல்புக்கு ஒயர் இழுக்காதீர்கள். வீட்டு இணைப்பு எட்டாத இடமென்றால் சின்ன சோலார் பேனலும் பேட்டரியும் போதும், இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. மழைக்காலத்தில் ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்காதபடி மூடி போட்டுத் தொங்கவிடுங்கள்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். நாற்று சின்னதாக இருக்கும்போது விளக்குப் போட்டால் பயனில்லை. எட்டு முதல் பத்து இலை வந்தபிறகுதான் செடிக்கு அந்தச் செய்தி புரியும். இலை நன்றாகச் சேர்ந்த செடிக்குத்தான் தண்டும் நீளமாக, உறுதியாக எழும்பும். அதனால் அவசரப்படாமல் இலைக்கொத்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும்வரை காத்திருக்கிறேன். விளக்குப் போட்ட மூன்று, நான்கு வாரத்தில் நடுவிலிருந்து தண்டு கிளம்பும். முதல் பூவுக்கு இரண்டு முதல் இரண்டரை மாதம். மொட்டு தெரிந்ததும் விளக்கை அணைத்துவிடாமல் வெட்டு முடியும்வரை விடுங்கள், பக்கக்கிளைகளும் பூக்கும்.

பக்கத்து வயலில் யாராவது சாமந்தி போட்டிருந்தால் முதலில் அவரிடம் பேசிவிடுங்கள். நம் வெளிச்சம் அங்கே விழுந்தால் அவர் பூ தாமதமாகும். ஒரு சாக்குத் திரை கட்டிவிட்டால் அண்ணன் தம்பியாக இருந்துவிடலாம்.

ஏலகிரியில் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, அங்கே விளக்கில்லாமல் பூக்குமா?

குளிர்ச்சி வேறு, பகல் நீளம் வேறு. மலை ஏறினாலும் அட்சரேகை மாறாது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் கோடையில்கூடப் பூ தரமாக வரும் என்பது பெரிய ஆதாயம்தான், ஆனால் விளக்கு வேண்டும். ரகத்துக்கு ரகம் இந்தப் பிடிவாதம் கொஞ்சம் கூடும், குறையும். பாக்கெட்டில் அதை யாரும் எழுதுவதில்லை. இருபது செடி போட்டுப் பாருங்கள், பிறகு பாத்தி போடலாம்.

எந்த மாதம் விதைக்க வேண்டும்?

செப்டம்பர் நடுவில் குழித்தட்டில். அக்டோபர் கடைசியில் நடவு. டிசம்பர் முதல் வாரம் விளக்கு. பிப்ரவரியில் பூ. வடகிழக்குப் பருவமழை நடவுக்காலத்தில்தான் வந்து விழும், அதனால் மேட்டுப்பாத்தி கட்டாயம். நவம்பரில் புயல் மழை வந்தால் தட்டைப்பாத்தியில் செடி இரண்டே நாளில் அழுகிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகள் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். செடி வளர அதுதான் நல்ல காலம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லி விதை கொண்டுவரச் சொல்லலாமா?

வேண்டாம். வெளிநாட்டில் வேலைபார்க்கும் பிள்ளைகள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு, ஆசை வருவது இயல்பு. ஆனால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவர முடியாது. விதையோடு வரும் பூஞ்சையும் பூச்சியும் நம் சாமந்தி வயலில் இறங்கினால் யார் பொறுப்பு? முறையாக இறக்குமதி செய்து விற்கும் விதை இங்கேயே கிடைக்கிறது. பாக்கெட்டில் சோதனைத் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

எந்த ரகம் வாங்கலாம்?

கொய்மலருக்கு உயரமான ரகம்தான் வேண்டும். தொட்டிக்கென்று விற்கும் குட்டை ரகத்தில் தண்டு கிடைக்காது. நான் நம்புவது ‘இந்தியன் சம்மர்’. பெயரைப் பார்த்து நம் ஊர் ரகம் என்று நினைக்க வேண்டாம், அது அமெரிக்காவில் குளிர்காலத்துக்கு முன் வரும் இளவெயில் நாட்களைக் குறிக்கும் சொல். மூன்றடி உயரம், ஒரு சாண் அகலத்தில் தங்கமஞ்சள் பூ; 1995-ல் அமெரிக்காவில் புது ரகங்களைச் சோதித்துப் பரிசு தரும் ‘ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ்’ தேர்வில் வென்றது. ‘பிரெய்ரி சன்’ ரகத்துக்குக் கரும்விழிக்குப் பதில் பச்சை விழி. பூங்கொத்துக் கடைக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ‘செரோக்கி சன்செட்’ அடுக்கு இதழில் மஞ்சள், ஆரஞ்சு, வெண்கலம் கலந்து வரும். ‘செர்ரி பிராந்தி’ கருஞ்சிவப்பு, பார்க்க அபாரம், ஆனால் என் கையில் தண்டு சற்றுக் குட்டையாகவே வந்தது.

பெரிய பூ ரகங்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிளேக்ஸ்லீ என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கோல்சிசின் என்ற பொருளைக் கொண்டு இந்தச் செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அதிலிருந்து வந்த பெரும்பூ வகை 1957-ல் ‘குளோரியோசா டெய்சி’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதே கோல்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகத் தமிழ்நாட்டில் பயிரிடுகிறார்களே, அது. செங்காந்தளின் தாவரவியல் பெயரும் குளோரியோசாதான். நம் மாநில மலருக்கும் இந்த வெளியூர்ப் பூவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

விதைப்பது எப்படி? முளைக்கவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். இந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். 98 குழித்தட்டில் கோகோபீட்டும் (தென்னைநார்த் தூள்) மண்புழு உரமும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து நிரப்பி, முதலில் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். ஈரமான பல்குச்சியின் நுனியால் விதையைத் தொட்டு, குழிக்கு இரண்டு வைத்து, விரலால் மெல்ல அழுத்துங்கள். மேலே மண் போட வேண்டாம். மணலை விரல் நுனியால் தூவினால் அதுவே அதிகம்.

பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தெளிப்பானால் புகைபோலத் தெளியுங்கள், அல்லது தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். செப்டம்பரில் பகல் சூடு இன்னும் இருக்கும், ஆகவே ஷேட்நெட்டுக்குக் கீழே வையுங்கள். முளைக்க 21 டிகிரியை ஒட்டிய சூடு மிகவும் பிடிக்கும். 30-ஐத் தாண்டினால் முன்னும் பின்னுமாக முளைக்கும். ஏழிலிருந்து பதினான்கு நாள் பொறுங்கள். முளைத்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் இரண்டும் வந்துவிடும்.

நாற்றழுகல்தான் இந்தக் கட்டத்தில் எமன். அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கலவையிலேயே சேர்த்துவிடுகிறேன். மாலையில் தண்ணீர் விடுவதையும் நிறுத்திவிட்டேன். காலையில் விட்டால் இரவுக்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடும்.

மண், தண்ணீர், உரம்?

செம்மண் போதும், வடிகால் இருக்க வேண்டும். பாத்திக்கு மக்கிய தொழுவுரம் ஒரு கூடை. தழைச்சத்து அதிகமானால் இலை மட்டும் கொழுத்துத் தண்டு சாயும், அதனால் யூரியா பக்கம் போவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், லிட்டருக்கு 30 மில்லி. செடிக்குச் செடி ஒரு அடி, பாத்திக்கு மூன்று வரிசை.

தண்ணீரைக் கவனியுங்கள். பாலாற்றை ஒட்டிய சில ஊர்களில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் உப்பேறிப் போனது ஊரறிந்த விஷயம்; 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்கள் விதை வாங்குமுன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். உப்புத் தண்ணீர் பாய்ந்தால் இலை ஓரம் கருகிக்கொண்டே வரும்.

கொழுந்து கிள்ள வேண்டுமா?

தேவையில்லை. அடியிலிருந்தே கிளைக்கும். கிள்ளினால் பூ கூடும், தண்டு குட்டையாகும். ஆனால் தண்டு கிளம்பும்போது ஒரு வலையைப் படுக்கையாகக் கட்டிவிடுங்கள், ஒரு காற்றில் வளைந்த தண்டு பிறகு நிமிராது.

என்ன நோய் வருகிறது?

பனிக்காலத்தில் இலையில் திருநீறு பூசியதுபோல் சாம்பல் நோய். கீழ் இலைகளில் கரும்புள்ளி. இரண்டுக்கும் காற்றோட்டம்தான் முதல் மருந்து, புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி பாத்திக்கு வெளியே போடுங்கள். அசுவினி வந்தால் லிட்டருக்கு 10 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்தபிறகு. பூத்தபின் எதையும் தெளிக்காதீர்கள். இதழின் அடிப்பகுதி நம் கண்ணுக்கு வெறும் மஞ்சள், புற ஊதா ஒளியைக் காணும் தேனீக்கோ அங்கே கருவளையம் தெரியும், தேன் இங்கே என்று. காலை ஏழு மணிக்கு என் பாத்தியில் வந்து நின்றால் தேனீ ரீங்காரம் கேட்கும். பக்கத்துக் கத்திரிக்கும் பூசணிக்கும் அதுதான் லாபம்.

பார்த்தீனியம் ஒவ்வாமை உள்ளவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், ஒரே குடும்பம் என்பதால் அரிப்பு வரலாம்.

எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும்? குவளையில் எத்தனை நாள் நிற்கும்?

சாமந்தியை நன்றாக விரியவிட்டுப் பறித்துப் பழகிய கைக்கு இது கொஞ்சம் சிரமம். இதழ்கள் இப்போதுதான் தட்டையாக விரிந்திருக்க வேண்டும், நடுக்குமிழ் இறுக்கமாக இருக்க வேண்டும். குமிழைச் சுற்றி மஞ்சள் மகரந்தம் வளையம் கட்டிவிட்டால் பாதி வாழ்நாள் போய்விட்டது. மொட்டாக வெட்டினாலும் பிறகு விரியாது.

வெயில் ஏறுமுன், ஆறு மணிக்கு, வாளியில் தண்ணீரோடு பாத்திக்குப் போங்கள். தண்டை நீளமாக, பக்கக்கிளை பிரியும் இடத்துக்கு மேலே வெட்டி உடனே தண்ணீரில். தண்ணீருக்குள் முங்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மயிர் அடர்ந்த தண்டு ஆதலால் தண்ணீர் ஒரே நாளில் கலங்கி நாறும். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் பிளீச் திரவம் கலந்து, தினமும் மாற்றி, தண்டு நுனியையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். நிழலில் மூன்று நான்கு மணி நேரம் தண்ணீர் குடிக்கவிட்டபிறகே கட்டுங்கள். இப்படிச் செய்தால் நம் ஊர்ச் சூட்டிலும் ஒரு வாரம் நிற்கிறது, ஏசி அறையில் பத்து நாள்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் எடுப்பார்களா?

அங்கே உதிரிப்பூ வியாபாரம்: எடைபோட்டு, கிலோ கணக்கில். தண்டோடு போய் நின்றால் தண்டுக்கு விலை கிடைக்காது. தலையில் வைக்கவும் மாலை கட்டவும் இந்தப் பூ ஏற்றதில்லை, இதழ் சீக்கிரம் துவளும். நமக்கு வேண்டியது பூங்கொத்துக் கடைகளும், மண்டப அலங்காரம் செய்கிறவர்களும், ஞாயிறு தோறும் பீடத்துக்குப் பூ வைக்கும் தேவாலயங்களும். தவக்காலத்தில் பல ஆலயங்களில் அலங்காரம் குறைவு, ஈஸ்டருக்கு ஒரே நாளில் நிறையக் கேட்பார்கள். ஈஸ்டர் எந்தத் தேதி என்று பார்த்து, அதற்கு இரண்டரை மாதம் முன்னால் ஒரு பாத்திக்கு மட்டும் விளக்கைத் தொடங்குங்கள். பூக்கும் நாளை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் விளக்கு போடுவதால் வரும் பெரிய வசதி.

முதல் தடவை ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்து வாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே கொத்து வாடாமல் நிற்பதைப் பார்த்த கடைக்காரர்தான் எனக்கு முதல் ஆர்டர் கொடுத்தார்.

மாடியில் வளர்க்கலாமா?

பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஒரு செடி. மாடி விளக்கைப் பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்கு அணைத்தால் போதும். வீட்டுத் தேவைக்குப் பூ தாராளம்.

விதை எடுத்து வைக்கலாமா?

எடுக்கலாம். தேனீ ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதால் கலந்துவிடும். ஒரே ரகம் மட்டும் போட்டிருந்தால் ஓரளவு அதே பூ வரும். குமிழ் முழுக்கக் காய்ந்து, விரலால் தேய்த்தால் உதிரும்போது பறியுங்கள். காகிதத்தில் தேய்த்து, உமியை மெல்ல ஊதிவிட்டு, நிழலில் நான்கு நாள் உலர்த்துங்கள். கண்ணாடிப் புட்டியில் அடியில் ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் கட்டிப் போட்டு, அதன்மேல் விதைப் பொட்டலத்தை வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வருடம் நன்றாக முளைக்கிறது. பொட்டலத்தின் மேல் ரகமும் மாதமும் எழுத மறக்காதீர்கள். என் வீட்டுப் புட்டிகளில் இரண்டு இப்போதும் பெயரில்லாமல் இருக்கின்றன. இந்தச் செப்டம்பரில் அவற்றைத் தனித்தட்டில் விதைத்துப் பார்க்கப் போகிறேன்.